தற்காலிகக் குரல்

எங்கள் கம்பெனியை மூன்றாவது முறையாக விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று யாரும் அழவில்லை. முதல் முறை விற்றபோது அழுதோம். இரண்டாவது முறை மாடிப்படியில் கூடிக்கூடி நின்று பேசினோம். இந்த முறை ஒல்லி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீ ஷர்ட் என்ன கலராம்?" என்று கேட்டான். கைமாறும்போதெல்லாம் புது முதலாளி ஒரு டீ ஷர்ட் தருவது வழக்கம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் தரை துடைக்கிறேன்.

நாங்கள் வீடியோ கேம் செய்கிறவர்கள். நான் சத்தம் பார்க்கிறேன். கேமில் கதவைத் திறந்தால் கிரீச் என்று கேட்பதும், தண்ணீரில் விழுந்தால் தொபுக்கென்று கேட்பதும் என் வேலை. கம்பெனியை ஆரம்பித்தது என் அண்ணன். அவன் வீட்டு முன்னறையில் மேஜைகளை நெருக்கிப் போட்டு, அவனும் நானும், புரோகிராம் எழுத ஒல்லியுமாக உட்கார்ந்தோம். வாடகையும் சாப்பாடும் அண்ணியின் சம்பளத்தில். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாங்கள் கலை வளர்த்தோம், அவர் எங்களை வளர்த்தார்.

அப்படிச் செய்த கேம், வெள்ளத்தில் மூழ்கிப்போன ஓர் ஊரைப் பற்றியது. ஒரு சிறுமி ஓட்டைப் படகில் ஏறி வீட்டுக்கு வீடு போய்த் தன் ஆட்களைத் தேடுவாள். படகு கவிழ்ந்தால் திரை இருட்டாகிவிடும். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வரும்: "எந்திரி. முடியல." திரையின் அடியில் எழுத்து வரும்: எழுந்திரு. இன்னும் முடியவில்லை. உடனே படகு மறுபடி மிதக்கும். அவ்வளவுதான் கேம். ஆனால் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று படகைக் கவிழ்க்கிறவர்கள் உண்டு. பரீட்சையில் தோற்றவர்கள், வேலை போனவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு எழுதினார்கள், அந்தக் குரல்தான் தங்களை எழுப்பியது என்று.

கேம் ஓடியது, கம்பெனி வளர்ந்தது, அண்ணன் அதை விற்றான். வாங்கியவர்கள், "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்று எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் அண்ணன் வெளியே போய் மேடை மேடையாகப் பேச ஆரம்பித்தான். அதற்குள் அண்ணியும் அவனும் பிரிந்திருந்தார்கள். பிறகு எங்களை வாங்கியவர்களை அவர்களைவிடப் பெரியவர்கள் வாங்கினார்கள். அவர்களும் குடும்பம் என்றுதான் எழுதினார்கள். குடும்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்தச் சொல்லைப் பார்த்தாலே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது குடும்பம் ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தது: இரட்டிப்பு. எங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்த அக்கா இரட்டிப்பு, ஏனென்றால் அங்கேயும் ஒருவர் கணக்குப் பார்த்தார். படம் வரைந்தவர்கள் பாதிப் பேர் இரட்டிப்பு. ஒரு வீட்டில் இரண்டு மருமகள் இருந்தால் ஒருத்தியை இரட்டிப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள், அது வேறு. இவர்கள் மின்னஞ்சலிலேயே சொன்னார்கள். ஒரு மாடி முழுக்க இருந்தவர்கள் கடைசியில் பதினோரு பேர் ஆனோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. புதிதாக ஒன்றும் செய்வதில்லை. பழைய கேமைத் தூசி தட்டி வைத்துக்கொண்டிருந்தோம்.

செய்தி வந்த வாரத்திலேயே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் உள்ளே போகும்போதே துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த திரையில் ஒரு வக்கீலம்மா இருந்தார். வாங்குகிற கம்பெனியின் ஆள். வாங்கப்போகும் வீட்டின் சுவரைத் தட்டிப் பார்ப்பது போல, கேமில் இருக்கும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சத்தமும் யாருடையது என்று தட்டிப் பார்ப்பது அவர் வேலை.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு குரலுக்குத்தான் பேப்பர் இல்ல," என்றார். "இந்த 'எந்திரி'ங்கிற குரல். அந்த ஃபைலோட பேரே 'தற்காலிகம், மாத்தணும்'னு இருக்கு. அப்படி இருந்தும் இத்தனை வருஷமா மாத்தலியா?"

"எங்க கம்பெனியில தற்காலிகம்னு வச்சதுதான் மேடம் நிக்கும். நிரந்தரம்னு சொன்னதெல்லாம் போயிடும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

கேம் செய்கிறவர்களிடம் இது ஒரு பழக்கம். நல்ல குரல் கிடைக்கும் வரைக்கும், நல்ல படம் கிடைக்கும் வரைக்கும் கையில் கிடைத்ததை வைத்து வேலையை ஓட்டுவோம். பிறகு மாற்றிவிடுவோம் என்று பெயர். அண்ணியின் குரலை அப்படித்தான் வைத்தோம். முறையாக ஒரு நடிகையைக் கூப்பிட்டுப் பேசவைக்கும் நாள் வரவேயில்லை.

"வேற யாரையாவது வச்சுப் பேசிடலாமே," என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க புரிஞ்சுக்கணும். எங்க ஆளுங்களுக்கு இந்தக் கேமே பெருசில்ல. அந்தக் குரல்தான் வேணும். அலாரத்துல வரும், விளம்பரத்துல வரும், டீ ஷர்ட்ல அந்த வரி வரும். கம்ப்யூட்டருக்கு அந்தக் குரலைப் பழக்கி மத்த கேம்லயும் பேச வைப்பாங்க. அதுக்கெல்லாம் சேர்த்து ஒரு சம்மதக் கையெழுத்து வேணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "குரல் இல்லைன்னா இந்த ஆபீஸை நாங்க எடுத்துக்க மாட்டோம்," என்றார்.

அவர்கள் எடுத்துக்கொள்ளாததை இப்போதைய முதலாளி வைத்துக்கொண்டிருக்கப்போவதில்லை. அதை மேனேஜர் திரையை அணைத்த பிறகு சொன்னார். வக்கீலம்மா போகும் முன் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கு உடம்பு சரியில்லை, இப்போது முடியவில்லை என்றால் கையெழுத்துக்கு இன்னும் கொஞ்சம் தவணை கொடுப்பார்கள். மறுத்துவிட்டால் அன்றைக்கே வாங்கும் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். பின்னாடி வம்பு வரும் என்று அவர்களுக்குப் பயம்.

"உங்க அண்ணிதானேம்மா?" என்றார் மேனேஜர்.

"பழைய அண்ணி."

"அண்ணியில பழசு என்ன, புதுசு என்ன? போய்ப் பேசுங்க. வெள்ளிக்கிழமை அந்தம்மா திரும்ப லைன்ல வருவாங்க."

இருக்கைக்கு வந்தேன். ஒல்லி என் முகத்தைப் பார்த்தான். அவன் மனைவிக்கு இது பிரசவ மாதம். எனக்கோ நாற்பத்தாறு வயது. இந்தத் தொழிலில் நாற்பத்தாறு என்றால் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய வயது. நேர்காணலுக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். ஆகவே எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. கையெழுத்து வேண்டும், வாங்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

அண்ணி இப்போது தனியாக இருக்கிறார். இரண்டாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை வீடு. அவர்கள் பிரிந்த பிறகு நான் அங்கே எப்போதாவது போவேன். அண்ணனை விட்டவர் என்னையும் விட்டிருக்கலாம், விடவில்லை. நாத்தனார்க்காரியை இவ்வளவு காலம் தாங்குகிறவர்களுக்குத் தனியாகப் பட்டம் கொடுக்க வேண்டும்.

கதவைத் திறந்தவர் கையில் நீல யூனிஃபார்ம் சட்டை இருந்தது. "வா. செருப்பை உள்ளயே விடு, வெளிய வச்சா காணாமப் போகுது," என்றார். பிறகு இஸ்திரி மேஜைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். "சொல்லு. நீ சும்மா வர்ற ஆள் இல்ல."

சொன்னேன். மூன்றாவது விற்பனை, வக்கீலம்மா, வெள்ளிக்கிழமை, பதினோரு பேர், எல்லாம் சொன்னேன். அவர் ஒரு கையை முடித்து மறு கையைத் திருப்பிப் போட்டார்.

"அந்தக் குரலா? அது இன்னும் இருக்கா?"

"இருக்காவா? அதைத்தான் அண்ணி விலை பேசுறாங்க. நீங்க கேட்டதே இல்லையா?"

"நான் எங்க உங்க கேமெல்லாம் ஆடினேன். நல்லா இருக்குன்னு ஆஸ்பத்திரியில பிள்ளைங்க சொல்லும். நானும் சரின்னு கேட்டுப்பேன். என்ன சொல்றேன் அதுல?"

"எந்திரி, இன்னும் முடியலன்னு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "நான் அப்படிச் சொல்லலியே."

போனில் போட்டுக் காட்டினேன். எந்திரி. முடியல. பின்னால் சளக் சளக்கென்று தண்ணீர்.

"என் குரல்தான். ஆனா இதுல 'இன்னும்' எங்க இருக்கு?"

"அது வாஷிங் மெஷின் சத்தத்துல போயிடுச்சு. அதனால கீழ எழுத்துல போட்டோம்."

"யாரு போட்டது?"

"நாங்கதான்."

அண்ணி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.

அந்த வாஷிங் மெஷின் கதையைச் சொல்ல வேண்டும். வெள்ளத் தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆற்றுக்குப் போகவர நேரமில்லை. அண்ணன் வீட்டுச் சமையலறையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கேட்டால் வெள்ளம் போலவே இருந்தது. மைக்கை அதனருகே பிடித்துக்கொண்டு அண்ணனைத் தரையில் உட்காரச் சொன்னேன். நான் பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவு செய்தேன். அவன் பல நாள் தூங்காதவன், மைக்கோடு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். மத்தியானம் அண்ணி வேலை முடிந்து வந்தார். திடீரென்று என் காதில் அவர் குரல். எந்திரி என்றார். அதே நேரம் மெஷின் தடதடவென்று குதித்தது. சத்தம் ஓய்ந்தபோது, முடியல. அந்த வாரம் முழுக்க அண்ணன் அந்த இடத்துக்கு எழுதி வைத்திருந்த வசனம், எழுந்திரு, இன்னும் முடியவில்லை. சுவரில்கூட ஒட்டியிருந்தது. அண்ணி அதைப் படித்துவிட்டு விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். தடதட சத்தத்தை மட்டும் வெட்டிவிட்டு முன்னதையும் பின்னதையும் ஒட்டினேன். தையல் தெரியாமல் ஒட்டியதாக அண்ணன் பாராட்டினான்.

மூலப் பதிவை வக்கீலம்மா கேட்டிருந்ததால் அது என் லேப்டாப்பில் இருந்தது. அப்போது கையில் இல்லாத வசதிகள் இப்போது இருக்கின்றன. சத்தத்தை ஒரு பக்கமும் குரலை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடலாம். மேஜை ஓரத்தில் லேப்டாப்பை வைத்து, ஹெட்போனை மாட்டி, மெஷின் சத்தத்தைக் கீழே இறக்கினேன்.

எந்திரிங்க. என்னால முடியல.

மறுபடி கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். இன்னும் என்ற சொல் எங்கேயும் இல்லை. நான் வெட்டி எறிந்த துண்டில் 'ங்க'வும் 'என்னால'வும் இருந்தன. என் காதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு பெண்பிள்ளை இனி தாங்காது என்று சொன்னதை அந்தக் காது தைரியம் சொல்வதாகக் கேட்டிருக்கிறது. உலகம் முழுக்கப் படுத்திருந்தவர்களை அது எழுப்பியும் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்."

"அண்ணி..."

"ராத்திரி டூட்டி பார்த்தேன். காலையில வர வேண்டிய பொண்ணு வரல, அதையும் சேர்த்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தா உங்கண்ணன் மெஷினுக்குக் குறுக்கே படுத்திருக்கார். உள்ள என் யூனிஃபார்ம் கிடக்கு, சாயங்காலம் அதைத்தான் போட்டுக்கிட்டுத் திரும்பப் போகணும். எந்திரிங்கன்னேன். அசையல. அப்படியே உக்காந்து அழுதுடலாம்னு இருந்தது. அதுக்குள்ள நீ குதிச்சிக்கிட்டு வந்துட்ட."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னேனே," என்றார். "அதைத்தானே பதிவு பண்ணி வச்சிருக்க."

நான் லேப்டாப்பை மூடினேன். அவர் சட்டையை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். அடுத்த சட்டையை எடுத்தார்.

"சரி, அதை வச்சு என்ன பண்ணப்போறாங்க?"

"டீ ஷர்ட்ல போடுவாங்க. அலாரத்துல வரும். அப்புறம் கம்ப்யூட்டருக்குப் பழக்குவாங்க. உங்க குரல்லயே அது வேற வேற பேசும்."

"என்ன பேசும்?"

"அவங்க எழுதிக் குடுக்கிறது எல்லாம்."

"நான் செத்த பிறகும்?"

"ஆமா."

"ம். ஊர்ல இருக்கிறவன் எல்லாரையும் காலையில நான் எழுப்பணும்." கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்கண்ணனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் இருக்கேன்னு சொல்லாத," என்றார்.

இதெல்லாம் முறையா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. போட்டேன். அண்ணன் ஏதோ விமான நிலையத்தில் இருந்தான், பின்னால் அறிவிப்புகள் கேட்டன. இந்த விற்பனைக்கும் அவன்தான் ஆலோசகர். எரிகிற வீட்டில் பிடுங்கிய வரைக்கும் லாபம் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

"கையெழுத்து வாங்கிட்டியா?" என்றான் எடுத்தவுடனே.

"இன்னும் கேக்கல. போட மாட்டாங்களோன்னு இருக்கு."

"அவளா? போட்டுடுவா. எதுக்கும் மாட்டேன்னு சொன்ன ஆளா அவ? நீ கொஞ்சம் முகத்தைத் தொங்கப்போட்டு உக்காரு, போதும். மனசு இளகிடும்."

அண்ணி காலருக்கு மேல் நிதானமாக இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். ஏனென்று தெரியவில்லை, எனக்குள் ஏதோ ஏறியது.

"அண்ணா, அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என்ன கேள்வி இது? எத்தனை மேடையில சொல்லியிருக்கேன். ஒண்ணுமே வேண்டாம், விட்டுடலாம்னு நான் தரையில கிடந்தப்ப அவ வந்து, எந்திரி, இன்னும் முடியலன்னா. அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுப்புச்சு. ஜனங்க கைதட்டுவாங்க தெரியுமா அந்த இடத்துல?"

"நீ எழுந்தியா?"

"என்னது?"

"அன்னிக்கு அவங்க சொன்னப்ப, நீ எழுந்தியா?"

யோசித்தான். பொய் சொல்கிறவன் இல்லை என் அண்ணன். யோசித்தால் உண்மையைத்தான் சொல்வான், யோசிக்கத்தான் மாட்டான். "நான் தூங்கிட்டுல்ல இருந்தேன். நீ ஓடி வந்து கத்தினப்பத்தான் முழிச்சேன். அப்புறம் நீ போட்டுக் காட்டினதைத்தான் கேட்டேன். ஏன் கேக்கிற? ஃப்ளைட்டுக்குக் கூப்பிடுறாங்க, பேப்பரை ஸ்கேன் பண்ணி எனக்கும் ஒண்ணு அனுப்பிடு."

வைத்துவிட்டான். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்து, ஒயரைச் சுற்றினார். நான் பையிலிருந்து பேப்பரை எடுக்கவா வேண்டாமா என்று கையை உள்ளே விட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

"முடியாது," என்றார்.

குரல் உயரவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. வரக்கூடாதுதான், வந்தது. "பதினோரு பேர் அண்ணி. ஒல்லிக்குக் குழந்தை பிறக்கப்போகுது. நான் எங்க போவேன்?"

"தெரியும்."

"அவன் பண்ணினதுக்கு எங்களைத் தண்டிக்கிறீங்களா?"

"நான் யாரையும் தண்டிக்கல. கையெழுத்து போட்டா உங்க வேலை நிக்குமா? அதைச் சொல்லு."

நிற்கும் என்று சொல்லியிருக்கலாம். நுனிநாக்கு வரைக்கும் வந்தது. முதல் விற்பனையில் ஒருவருக்கும் வேலை போகாது என்றார்கள். இரண்டாவதில் ஒரு வருஷத்துக்குப் போகாது என்றார்கள். இந்த முறை யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குரல் கைக்குப் போன பிறகு சத்தம் பார்க்கிறவள் ஒருத்தி அவர்களுக்கு எதற்கு? அங்கே ஏற்கெனவே ஒரு பட்டாளம் இருக்கிறது. நான் சரியான இரட்டிப்பு.

"தெரியல அண்ணி. கொஞ்ச நாள் நிக்கும்."

"கொஞ்ச நாளுக்கு என்னை முழுசாக் கேக்கிற." அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "உனக்கு என் மேல கோவம் வரும். வரட்டும். அந்த வீட்டுல யார் கேட்டாலும் சரின்னுதான் சொன்னேன். உங்கண்ணன் சொல்றது பொய்யில்ல. அன்னிக்கு முடியலன்னு சொன்னதையும் நீங்க சரின்னு மாத்தி எடுத்துக்கிட்டீங்க. இப்ப யாரும் மாத்த வேண்டாம். நீ இங்க எப்பவும் போல வா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். படியிறங்கும்போது அவர்மேல் கோபம், தெருவுக்கு வந்தபோது அண்ணன்மேல் கோபம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கோபத்துக்கும் தெம்பில்லாமல் போய்விட்டது. முன் இருக்கையில் ஒரு பிள்ளை போனில் எங்கள் கேமை ஆடிக்கொண்டிருந்தாள். படகு கவிழ்ந்தது. காதில் மாட்டியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை, திரையின் அடியில் எழுத்து மட்டும் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காப்பி மெஷின் பக்கத்தில் வைத்து ஒல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு அண்ணியைத் தெரியும், அவர் போட்ட சோற்றைத் தின்றவன். மூலப் பதிவைக் கேட்டான். கேட்டுவிட்டு ஹெட்போனைச் சுருட்டி என் கையில் வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றான். "அந்த வக்கீலம்மாகிட்ட, அவங்களுக்கு முடியலையாம்னு சொல்லுங்க. தவணை கிடைக்கும்ல. குழந்தை பிறக்கிற வரைக்கும் இன்சூரன்ஸாவது இருக்கும். பொய்யும் இல்லையே. முடியலன்னு அவங்க சொன்னதுதானே. நம்மகிட்ட பதிவே இருக்கு."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் யோசிப்பேன். அவன் இடத்தில்தான் நானும் இருந்தேன்.

மேனேஜர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். ஒல்லி வரவேண்டிய அவசியமில்லை, வந்தான். வக்கீலம்மா திரையில் வந்தார். பின்னால் வெள்ளைச் சுவர். அன்று அவருக்கு நிறைய வேலை போல, எங்களைப் பார்க்காமலே தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"குரல் விஷயம் என்னாச்சு? கையெழுத்து வந்துச்சா?"

"வரல மேடம்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்? என்ன சொன்னாங்க?"

"அவங்க..." என்று ஆரம்பித்து ஒல்லியின் பக்கம் பார்த்தேன்.

வக்கீலம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். களைத்த முகம்தான் அவருக்கும். அவராகவே ஒரு வழி கொடுத்தார். "இப்போதைக்கு முடியலைன்னாங்களா, இல்ல முடியாதுன்னாங்களா? ரெண்டும் வேற. முடியலைன்னா நான் தவணைன்னு போட்டுக்கறேன்."

மேனேஜர் எனக்கு மட்டும் தெரியும்படி தலையை அசைத்தார். ஒல்லி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது, எந்த நேரமும் வீட்டிலிருந்து அழைப்பு வரலாம் என்று கையை அதன்மேலேயே வைத்திருந்தான்.

"முடியாதுன்னாங்க மேடம்," என்றேன். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு."